பற்றரி இல்லாமல் பேசும் கருவிகள்

வகுப்பறைக் கடிகாரம் நின்றால் ஒரு பற்றரிக்கு ஆளின் முகத்தை ஆள் பார்க்கும் ஆசிரியர்கள் நாம். பழையதைக் குப்பையோடு குப்பையாக வீசிவிடுகிறோம். வயல், பாலம், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் தகவல் அனுப்பும் சிறு கருவிகள் கோடிக்கணக்கில் வந்தால் அவற்றுக்கெல்லாம் யார் பற்றரி மாற்றுவது?

அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஒரு வழி காட்டினார்கள். நாம் படிப்பிக்கும் தெறிப்புத்தான் அதன் அடிப்படை. டோர்ச் அடிக்கப் பற்றரி வேண்டும். கையில் கண்ணாடித் துண்டு இருந்தால் வெயிலைத் திருப்பி அடித்தே தூரத்தில் நிற்பவருக்குச் சைகை காட்டலாம். வெளிச்சம் நம்முடையதல்ல, அசைவு மட்டுமே நம்முடையது.

அவர்களின் கருவியும் அப்படித்தான். காற்றில் ஏற்கனவே பரந்திருக்கும் ரீவி அலைகளை அது தெறிக்கவிடும், பிறகு நிறுத்தும். தெறித்தால் 1, இல்லாவிட்டால் 0. தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தையும் அந்த அலையிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

2017இல் அங்கேயே பற்றரி இல்லாத தொலைபேசியில் பேசிக் காட்டினார்கள். தேவைப்பட்டது சுமார் 3.5 மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் மூன்றரைப் பங்கு! அதற்கென அமைத்த நிலையத்திலிருந்து 50 அடிக்குள்தான் வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த வித்தைக்குப் பழைய கதை ஒன்றும் உண்டு. 1945இல் மொஸ்கோவில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள், மரத்தில் செதுக்கிய அமெரிக்க இலச்சினையை அந்நாட்டுத் தூதுவருக்குப் பரிசளித்தார்கள். உள்ளே லியோன் தெரமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பற்றரி இல்லை, வயர் இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையை அனுப்பினால் அறையில் நடக்கும் பேச்சு அதில் ஏறித் திரும்பி வரும். 1952 வரை அது தூதுவரின் வீட்டுச் சுவரில் தொங்கியது.

பரிசைக் கொண்டுபோனது பிள்ளைகளின் கை. ஆசிரியர்களாகிய நம்மை உறுத்துவது அதுதான். பற்றரி தீர்ந்து நின்றுபோகாத கருவி பாலத்தின் வெடிப்பையும் சொல்லும், வீட்டு இரகசியத்தையும் சொல்லும்.

அதனால் படுகோணம், தெறிகோணத்தோடு பாடத்தை முடித்துவிடாமல், 'இது யாருக்காக?' என்று கேட்கவும் பிள்ளைகளைப் பழக்குவோம். அடுத்த தவணையில் இன்ஷா அல்லாஹ் ஒரு கண்ணாடித் துண்டோடு வகுப்புக்குப் போவோமா?