கையொப்பம்

திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. பொறியியல் பட்டத்தோடு அங்கு நுழையும் இளைஞனை ஊரும் உறவும் 'எஞ்சினியர்' என்று பெருமையோடு அழைக்கலாம். ஆலைக்கோ அவன் முதலில் ஒரு பயிற்சியாளனே. நானும் அப்படி நுழைந்தவன்தான்.

டிரம், ஹெட்டர், குழாய் எனப் பிரிவு பிரிவாகச் சுற்றி வந்த அந்நாட்களில் எனக்குக் கற்பித்தவர்களுள் பலர் கல்லூரி வாசலை மிதியாதவர்கள். உருகும் உலோகத்தின் நிறத்தையும் ஒலியையும் கொண்டே இணைப்பின் தரத்தைக் கணித்துவிடும் வெல்டர்கள் அவர்கள். ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. தாம் பற்றவைத்த இணைப்பின் அருகே அதைப் பொறித்துவிடுவார்கள்.

பயிற்சி முடிந்தபின், இணைப்புகளின் கதிர்வீச்சுப் படங்களைப் பார்த்து, ஏற்பதா தள்ளுவதா என்று கையொப்பமிடும் பணி எனக்கு வந்தது. உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு துளை, படத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். ஒருநாள் ஏற்கத்தகாத புள்ளிகளோடு ஒரு படம் வந்தது. எனக்குத் தொழில் கற்பித்த முதியவரின் எண் அதில் இருந்தது. என் தயக்கத்தைக் கண்டு அவரே சொன்னார்: "படத்தைப் பாருங்க தம்பி, என் முகத்தைப் பாக்காதீங்க."

தள்ளிக் கையொப்பமிட்டேன். அவர் அந்த இணைப்பை அறுத்துவிட்டு மீண்டும் பற்றவைத்தார்.

உயர் அழுத்த நீராவி எவருடைய நட்பையும் அறியாது. எங்கோ ஒரு மின்நிலையத்தில் அக்குழாயின் அருகே நிற்கப்போகும் முகமறியாத தொழிலாளியும் நமக்கு அடுத்திருப்பவர்தாமே? கையொப்பமிடும் உரிமையைப் பட்டம் எனக்குத் தந்தது. அதற்குரிய துணிவை அம்முதியவர் தந்தார்.