பகிர்ந்து பருகும் பானம்

பலர் கூடிப் பருகும் பானத்தைத் தேர்வதிலும் ஒருவனது பண்பு புலப்படும். பின்லாந்து நாட்டு மாணாக்கரின் ‘சிமா’ அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

நெடுங்குளிர் நீங்கி வரும் மே தின விழாவை அந்நாட்டார் ‘வப்பு’ என்பர். ஏப்ரல் 30 மாலையில் வெள்ளைத் தொப்பி அணிந்து திரளும் மாணாக்கர், மறுநாள் பூங்காக்களில் கூடி உண்டு மகிழ்வர். அவ்விருந்துக்கு வீட்டிலேயே பானம் ஆக்க விழைபவன் கடுமையான பீரை நாடினால், அது முதிர வாரங்கள் பல வேண்டும். அதன் கசப்பும் எல்லார்க்கும் பிடிப்பதில்லை. சிமாவுக்கோ நீர், சர்க்கரை, எலுமிச்சை, சிறிது ஈஸ்ட் ஆகியவை போதும். ஒரு நாள் நொதித்தபின் புட்டிகளில் ஊற்றி, உலர்ந்த திராட்சை சிலவற்றை இடுவர். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடும். அக்குமிழிகள் பற்றிக்கொள்ளத் திராட்சை மேலெழும். பானம் ஆயத்தமாயிற்று என்பதற்கு அதுவே அடையாளம். பெரும்பாலும் ஒரு வாரம் போதும். மூடியை இறுக்கி நாள் கடத்தினால் புட்டி வெடிக்கவும் கூடும்.

ஆல்கஹால் மிகக் குறைவாதலின் முதியோரும் இதனை விரும்புவர். அச்சிறு அளவையும் ஏலாத தோழர் இருப்பின், அவர்க்கு நொதிக்காத எலுமிச்சை நீரும் உடன் வைத்தல் வேண்டும். தன் கைத்திறம் காட்ட விழைபவன் கடும்பானத்தைத் தேர்வான். தோழரை நினைப்பவன் அனைவரும் ஏந்தக்கூடிய கிண்ணத்தையே தேர்வான்.