மறுத்துவிடு என்னும் பொத்தான்

நாற்பதைத் தொடும் வயதில் கணினி விளையாட்டுப் பழகியவர்கள் நாங்கள். இதை வெளியே சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. எங்களில் ஒருவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணி. மற்றவருக்கு ஜவ்வாது மலைமேல் பள்ளி ஆசிரியப் பணி. ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூரில், இரண்டு அறைகள் கொண்ட ஓட்டு வீட்டில் பல ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். நாள்தோறும் ஒருவர் மலையிறங்கிப் போளூர் வழியாகக் கல்லூரிக்குப் போய்வருவதும், மற்றவர் நடந்தே பள்ளிக்குப் போய்வருவதுமாக இருந்த வாழ்க்கை, 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதற்குமான ஊரடங்கு தொடங்கியதோடு நின்றுபோயிற்று. பேருந்து இல்லை, சந்தை இல்லை. மலையின் சிற்றூர்கள் பலவற்றில் பாதையின் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரும் அவ்வாறே செய்தது. அதைக் குறை சொல்லவியலாது. நோய் மேலேறி வந்துவிட்டால் நல்ல மருத்துவமனைக்கு மலையிறங்கித்தான் போகவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் நாங்கள் இருவரும், பதின்மூன்று வயது மகனுமாக மூன்று பேர். அந்நாட்களில்தான் மகன் தன் மடிக்கணினியில் இருந்த ஒரு விளையாட்டை எங்களுக்குக் கற்பித்தான். இணையம் இல்லாமலும் ஆடலாம் என்பது அதன் முதல் நற்குணம். கனடாவைச் சேர்ந்த கிளெய் என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனம் 2019 ஜூலையில் முழுமையாக வெளியிட்ட அதன் பெயர் ‘ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்’. கடையில் பொம்மை வாங்கினால் ‘பேட்டரி இதில் சேராது’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்களே, அதுபோல ‘மூச்சுக்காற்று இதில் சேராது’ என்று பொருள். பெயரிலேயே விளையாட்டு முழுவதும் இருக்கிறது.

விண்வெளியில் மிதக்கும் ஒரு குறுங்கோள். அதன் வயிற்றுக்குள், பாறைகளின் நடுவே ஒரு சிறு வெற்றிடம். அதில் மூன்று நகல் மனிதர்கள். இவர்களைப் பிழைக்க வைக்கவேண்டும். வாளெடுத்து வரும் பகைவர் எவரும் இல்லை. பாறையைக் குடைந்து பாசியை எடுத்து, எந்திரத்திலிட்டு மூச்சுக்காற்று உண்டாக்கவேண்டும். எந்திரத்திற்கு மின்சாரம் வேண்டுமென்றால் நகல் மனிதருள் ஒருவர் சக்கரத்துக்குள் நின்று ஓடவேண்டும். உணவுக்குச் செடி, செடிக்கு மண், உண்டபின் கழிப்பறை, கழிப்பறைக்கு அருகில் கை கழுவ இடம். அவர்கள் விடும் கரியமிலவாயு கனமானது. மெல்ல இறங்கித் தளத்தின் அடியில் தேங்கும். அங்கே படுக்கை போட்டு வைத்திருந்தால், உறங்குகிறவர்கள் மூச்சுக்குத் திணறுவார்கள். எதுவும் மாயமாய் மறைவதில்லை என்பதே இந்த உலகின் அடிப்படை நீதி. கழிவுநீர், அழுக்குக் காற்று, எந்திரத்தின் சூடு ஆகிய அனைத்தும் எங்கோ ஓரிடத்தில் காத்திருந்து கணக்குக் கேட்கும்.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான செய்தி. தளத்தின் நடுவே ஓர் அச்சு எந்திரம் உண்டு. விளையாட்டின் காலக்கணக்கில் மூன்று நாளுக்கு ஒருமுறை அது ஒளிரும். புதிய மனிதர்கள் சிலரின் படங்களையும், சில வேளைகளில் பொருள்மூட்டைகளையும் காட்டி, ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லும். ஒருவரைத் தேர்ந்தால் அவர் உடனே உள்ளே வந்து நிற்பார். வேண்டாமென்றால் எல்லாவற்றையும் மறுத்துவிட அங்கேயே ஒரு பொத்தான் இருக்கிறது.

எங்கள் முதல் குடியிருப்பில் நாங்கள் யாரையும் மறுக்கவில்லை. வந்தவரை வருக என்று சொல்லிப் பழகிய மொழியல்லவா நம்முடையது! நாற்பதாம் நாளில் பதினான்கு பேர் இருந்தார்கள். பாசி தீர்ந்தது. ஒவ்வொருவராக நீலம் பாரித்து விழுந்தார்கள். எஞ்சியவர்கள் அழுதார்கள். நாங்களும் இரவு உணவின்போது அதிகம் பேசவில்லை. இரண்டாம் குடியிருப்பில் பாசியை விட்டு, நீரைப் பிரித்துக் காற்றெடுக்கும் எந்திரத்தை அமைத்தோம். காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த எந்திரத்திலிருந்து வரும் காற்று எழுபது பாகை வெப்பத்துக்குக் குறையாது. எங்கள் உணவுச்செடியோ முப்பது பாகையைத் தாண்டினால் வளர மறுக்கும். ஆக, நிறைய மூச்சுவிட்டுக்கொண்டே பட்டினியால் அழிந்தது அந்த ஊர்.

மூன்றாவதில் நாங்கள் தெளிவு பெற்றவர்களானோம். தாளில் கணக்கெழுதினோம்: ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி, ஒரு நொடிக்கு நூறு கிராம் காற்று. அச்சு எந்திரம் ஒளிரும்போதெல்லாம் மறுத்துவிடு பொத்தானை அழுத்தினோம். ஆறு பேரோடு குடியிருப்பு நூறு நாளைத் தாண்டிற்று. மகன் எங்களைப் பாராட்டினான். எங்களுக்கும் பெருமைதான்.

*

ஜூன் தொடக்கத்தில் சென்னையிலிருந்து தம்பி பேசினான். அவனும் மனைவியும் இரு குழந்தைகளும் ஓரறை வீட்டில் இருந்தார்கள். அவர்கள் தெருவில் அடுத்தடுத்துத் தகரத் தட்டிகள் அடைக்கப்பட்டு வந்தன. “அண்ணா, இ-பாஸ் எப்படியாவது வாங்கிடுறேன். பிள்ளைகளை மட்டுமாவது கொண்டுவந்து விடட்டுமா? இல்ல, நாங்க நாலு பேருமே வந்துடட்டுமா? அண்ணிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க” என்றான்.

நாங்கள் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்பதைவிடக் கணக்கிட்டோம் என்பதே உண்மை. இரண்டு அறைகள். ஒரு கழிப்பறை. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீர். அரிசி எத்தனை நாளுக்கு வரும்? ஊரில் முள் போட்டிருக்கிறார்கள், என்ன சொல்வார்கள்? நோயையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டால்? ஒவ்வொரு கேள்வியும் நியாயமானதே. மறுநாள் தம்பியிடம், “இங்கே ஊர்க்காரர்கள் வெளியாட்களை விடுவதில்லை, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்” என்றோம். “சரிண்ணா, புரியுது” என்று சொல்லிவிட்டான். மறுத்துவிடு பொத்தானை அழுத்தும்போது விளையாட்டில் ஒரு சிறு ஒலி கேட்கும். தொலைபேசியில் அதுவுமில்லை.

அந்த வாரத்தில் மாணவர்களுக்கு நடத்தாமல் மீந்திருந்த பாடம் மலைபடுகடாம். ஊருக்கு மேலேயுள்ள பாறையில் ஏறினால்தான் அலைபேசிக்குக் கோபுரம் கிடைக்கும். அங்கே அமர்ந்து பாடத்தைப் பேசிப் பதிந்து அனுப்புவது வழக்கம். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டு; 583 அடிகள்; பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மா என்பது இந்த மலையின் அடிவாரத்திலுள்ள இன்றைய செங்கம். அதில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து ஓடும் செய்யாறு. நவிரமலையைப் பர்வதமலை என்று அடையாளம் காண்பவர் பலர். ஆக, அது எங்கள் வட்டாரத்துப் பாட்டு.

ஆற்றுப்படை என்றால் என்னவென்று இலக்கியம் பயின்ற வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பரிசில் பெற்று மீள்கிற ஒருவன், வறுமையோடு எதிரில் வருகிறவனை வழிப்படுத்துவது. இந்தப் பக்கம் போ, பன்றிக்கு வைத்த பொறியைப் பார்த்து நட, வழுக்குப் பாறையில் கவனம், இந்தச் சிற்றூரில் தங்கு, தினைச்சோறு கிடைக்கும் என்றெல்லாம் கூத்தர் கூட்டம் ஒன்றுக்குச் சொல்லிக்கொண்டே போகிறது பாட்டு. மலைக்குடிகளின் வீட்டுக்குள் அனுமதி கேட்டு நிற்கவேண்டியதில்லை, உங்கள் வீடுபோல நுழையலாம் என்று கூத்தருக்குச் சொல்லும் இடம் வந்தது. அங்கே பதிவு நின்றுபோயிற்று. அலைபேசியின் குற்றமன்று. அதே பாறையில் அமர்ந்து, மூன்று நாளுக்கு முன், இதே மலைக்கு வரக் கேட்ட தம்பியை வராதே என்று சொல்லியிருந்தோம். ஆற்றுப்படையைப் பாடமாக நடத்தியவர்கள் ஆற்றைத் தடுத்தவர்களாகவும் இருந்தோம். (ஆறு என்பதற்கு வழி என்று பொருளெழுதாத மாணவருக்கு மதிப்பெண் குறைத்ததுண்டு.)

*

பக்கத்து வீட்டுப் பாட்டி மலையாளி இனத்தவர். அவர் வீட்டில் சாமை எப்போதும் இருக்கும். உமியோடு வைத்தால் அது நெடுநாள் கெடாது. குத்தினால் சோறு. ஜூன் நடுவில் ஒரு மாலை, முறத்தில் புடைத்த சாமையோடு வந்தார்.

“டீச்சரம்மா, உங்க ஊட்டுக்கு மெட்ராஸ்லருந்து ஆளுங்க வராங்கன்னு பையன் சொன்னான். இன்னும் வரலியே?”

ஊரில் விடமாட்டார்கள் என்பதால் வரவேண்டாமென்று சொல்லிவிட்டதாகத் தெரிவித்தோம்.

“யாரு உடமாட்டேன்னது? யாரைக் கேட்டீங்க?”

நாங்கள் யாரையும் கேட்டிருக்கவில்லை.

“எங்க கொல்லையில கொட்டாய் சும்மாத்தான் கெடக்குது. பத்து நாளு அதுல தனியா இருந்துட்டு அப்புறம் உள்ள வரட்டுமே. சோத்தைக் கல்லு மேல வெச்சுட்டு வந்தா எடுத்துக்கறாங்க. எங்க பேரன் திருப்பூர்லருந்து வந்தப்போ அப்படித்தான வெச்சிருந்தோம்?”

உண்மைதான். அந்தப் பேரன் ஏப்ரலில் நடந்தும் லாரி ஏறியும் வந்துசேர்ந்ததையும், கொட்டகையில் தனித்திருந்ததையும் நாங்களே பார்த்திருக்கிறோம். முள் போட்ட ஊர் அவனுக்குக் கொட்டகையும் கொடுத்திருக்கிறது. நாங்கள் முள்ளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். அது எங்களுக்கு வசதியாக இருந்தது.

அன்றிரவே தம்பிக்குப் பேசினோம். அவனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பிறகு இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்து மீண்டான். பிள்ளைகள் அதுவரை அதே அறையில், தாயோடு அடைந்து கிடந்தார்கள். முன்பே வந்திருந்தால் நோய் வந்திராது என்று எவரும் அறுதியிட முடியாது. கூடவே அது இங்கும் வந்திருக்கலாம். அவன் எங்களை ஒருமுறையும் குறை சொன்னதில்லை. பேச்சின் நடுவே, “உங்க மலைக்கு இப்ப இ-பாஸ் வேணுமாண்ணா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பான். தமிழ்நாட்டிற்குள் பயணம் செய்ய இ-பாஸ் முறை 2020 செப்டம்பரோடு நீங்கியது. அவன் கேள்வி நீங்கவில்லை.

*

விளையாட்டைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அதன் கணக்கு மெய்யானது. அளவின்றி ஆட்களைச் சேர்த்தால் ஊர் அழியும் என்பதை முதல் குடியிருப்பில் கண்ணால் கண்டோம். ஆனால் மூன்றாம் குடியிருப்பில் நாங்கள் கற்றது அரைப்பாடம். ‘ஆறு பேருக்குத்தான் காற்று உண்டு’ என்று எழுதிய தாளில், ஏழாமவர் வந்தால் ஏழாம் செடியை நடுவதற்கு இரண்டு கைகளும் கூடவே வரும் என்பதை எழுதவில்லை. அவருக்கு முன்கூட்டியே ஒரு படுக்கையும், வாயிலில் கைகழுவ ஓரிடமும் அமைத்துவிட்டு அழைக்கலாம் என்பதையும் எழுதவில்லை. இடமில்லை என்பதைக் கண்டறிய ஒரு தாள் போதும். இடமுண்டாக்கக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கவேண்டும், கல்மேல் சோறு வைக்கவேண்டும், நாலு பேரைப் போய்க் கேட்கவேண்டும். நாங்கள் தாளோடு நின்றுவிட்டோம்.

இந்த மலையில் வந்தேறாதவர் யார் என்றும் எண்ணிப் பார்க்கிறோம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தார்கள் என்பது மலையாளி மக்களிடம் வழங்கும் மரபுக்கதை. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில் காவலூர் இருக்கிறது. தெற்கு வானை இருளில் காண ஏற்ற இடம் தேடிய வைணு பாப்பு, 1960களில் அந்தக் காட்டைத் தேர்ந்தார். 1986இல் அங்கே நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்குகிறது. அதைக் காண அவர் இல்லை, 1982இலேயே மறைந்துவிட்டார். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், காட்டு நடுவே, வானத்தைப் பார்ப்பதற்கென்றே உண்டான அந்தக் குடியிருப்பும் வெளியிலிருந்து வந்தவர்கள் அமைத்ததே. எங்களையும்தான் இந்த ஊர் ஒருநாள் ஏற்றுக்கொண்டது. வாடகைக்கு வீடு கேட்டு வந்த நாளில், எங்கள் தலைகளை எண்ணித் தாளில் எவரும் கணக்கெழுதியதாக நினைவில்லை.

மகன் இப்போது வெளியூரில் கல்லூரி மாணவன். சென்ற விடுமுறையில் பழைய மடிக்கணினியைத் துடைத்துத் திறந்தான். சேமித்து வைத்த மூன்றாம் குடியிருப்பு அப்படியே இருந்தது. ஆறு பேரும் நலம். அச்சு எந்திரம் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“எடுத்துக்கலாமாப்பா?”

முதலில் ஒரு படுக்கை போடச் சொன்னோம். பிறகு இரண்டு செடி. அவன் அதைச் செய்துகொண்டிருக்கும்போது, கோடை விடுமுறைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பாய் வேண்டும் என்று கேட்பதற்காகத் தம்பியை அழைக்க அலைபேசியை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறினோம்.