தராசில் நின்ற இயந்திரம்

மோட்டார் இயந்திரத்தின் வலிமையைக் காதால் கேட்டே சொல்லிவிடலாம் என்று பத்தொன்பது வயதில் நான் நம்பியிருந்தேன். உறுமல் பெரிதானால் வலிமையும் பெரிது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்த கதையை, இளம் பிள்ளைகளைத் தொழிலுக்கு அனுப்பும் பெற்றோருக்கும், தொழில் பழகும் பிள்ளைகளுக்கும் பயன்படுமென்று எண்ணி எழுதுகிறேன்.

அது 1978-ஆம் ஆண்டு. சென்னையில் ஒரு சிறிய பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். நகருக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் அந்நாளில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை திறக்கப்படும் வரையில், சென்னை இளைஞர்களுக்குப் பந்தயம் என்றாலே சோழவரம்தான். அப்பந்தயத்தில் ஓட்ட வேண்டுமென்ற ஆசையோடு, அலுவலக எழுத்தர் ஒருவர் தம் பழைய பியட் காரை எங்களிடம் ஒப்படைத்தார். பல ஆண்டுச் சேமிப்பில் பெரும்பகுதியை முன்பணமாகவும் தந்தார்.

அந்த இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள்; மொத்தக் கொள்ளளவு 1089 கன சென்டிமீட்டர். சிலிண்டர்களுக்கு மூடியாக மேலே அமர்வதே சிலிண்டர் ஹெட். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே செல்லும் வழிகளும், எரிந்த புகை வெளியேறும் வழிகளும், அவற்றைத் திறந்து மூடும் வால்வுகளும் அதில்தான் அடங்கியுள்ளன. இயந்திரம் மூச்சு விடுவது அதன் வழியே. மூச்சு சீரானால் வலிமை பெருகும்.

எங்கள் மேஸ்திரி அதிகம் பேசாதவர். "தம்பி, கைவைக்குமுன் அளக்க வேண்டும்; இன்று இருப்பது எவ்வளவு என்று தெரியாதவன், நாளை கூடியது எவ்வளவு என்று எப்படிச் சொல்வான்?" என்றார். இயந்திரத்தைக் கழற்றி, தமக்கு அறிமுகமான ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றார். அங்கேதான் டைனமோமீட்டர் என்னும் கருவியை முதன்முதலாகக் கண்டேன்.

கப்பல் இயந்திரங்களின் வலிமையை அளப்பதற்காக இங்கிலாந்தின் வில்லியம் புரூட் 1877-இல் வகுத்த முறையைத் தழுவியது அது. இயந்திரம் சுழற்றும் சக்கரம் ஒன்று, நீர் நிறைந்த கூட்டுக்குள் சுழலும். நீர் அதைத் தடுக்கும். அந்தத் தடையினால் கூடும் சேர்ந்து திரும்ப முயலும். கூட்டிலிருந்து நீளும் கரம் ஒரு தராசை அழுத்தும். தராசு காட்டுவது முறுக்கு விசை. 4300 சுற்றில் 7 கிலோகிராம் மீட்டர் முறுக்கு விசை இருந்தால், அது 42 குதிரைத்திறன். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து, வலிமையும் சற்றுக் குறையும். எனவே எப்போது அளந்தாலும் காலையிலேயே அளக்க வேண்டுமென்றார் மேஸ்திரி. ஒவ்வொரு வேகத்திற்கும் உரிய எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டோம்.

மறுநாள் உறவினர் மறைவுக்காக அவர் ஊருக்குப் புறப்பட்டார். "வழிகளைச் சீராக்கு, பெரிதாக்காதே" என்பதே அவர் சொல்லிச் சென்ற சொல். எனக்கோ பொறுக்கவில்லை. பெரிய வழியில் அதிகக் காற்று நுழையும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியாதா? ஐந்து நாள் அரைத்தேன். காற்று நுழையும் வழிகளை என் கட்டைவிரல் தாராளமாகச் செல்லும் அளவுக்கு அகலமாக்கிக் கண்ணாடிபோல் மெருகேற்றினேன். பூட்டி ஓட்டியபோது தெருவே அதிர்ந்தது. எழுத்தர் என் கையைப் பற்றி நன்றி சொன்னார்.

மேஸ்திரி திரும்பி வந்தார், உறுமலைக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் கல்லூரிக்குச் சென்றோம். 5000 சுற்றுக்கு மேலே சிறிதளவு வலிமை கூடியிருந்தது. ஆனால் 2500 முதல் 3500 வரையில் தராசின் முள் பழைய எண்ணைக்கூட எட்டவில்லை. வழி அகன்றதால் நடுவேகத்தில் காற்றின் ஓட்டம் மந்தமாகி, பெட்ரோல் நன்கு கலவாமல், சிலிண்டர் சரியாக நிரம்பவில்லை. வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டிக்குத் தேவைப்படும் வலிமையையே நான் அரைத்துத் தள்ளியிருந்தேன்.

"மேலே கூடியதை மட்டும் அவரிடம் சொல்லிவிடலாம், மேஸ்திரி, அதுவும் உண்மைதானே" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பாதி உண்மையைச் சொல்லி முழுக் கூலி வாங்குவதற்கு என்ன பெயர், தம்பி?" என்று மட்டுமே கேட்டார்.

அன்று மாலை எழுத்தரிடம் இரண்டு தாள்களையும் காட்டி, நடந்ததை மறைக்காமல் சொல்லி, கூலிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என் பெயரைச் சொல்லவில்லை. "எங்கள் தவறு" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டதுபோல் எந்த வசையும் சுட்டிருக்காது. அவர் முன்னிலையிலேயே, தவறு செய்தவன் நான் என்று எழுத்தரிடம் ஒப்புக்கொண்டேன்.

அரைத்த உலோகத்தை மீண்டும் வைக்க எங்கள் பட்டறையில் வழியில்லை. புதுப்பேட்டையில் பழைய ஹெட் ஒன்றை வாங்கினோம். இம்முறை மேஸ்திரி அருகில் நின்றார். வார்ப்பில் எஞ்சிய மேடுகளை மட்டும் தடவி எடுத்தோம். கேஸ்கெட் துளையும் வழியின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்தோம். வால்வு அமரும் இடத்தை 45 பாகையில் வெட்டி, அதன் மேலே 30, கீழே 60 பாகைகளில் சரித்தோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 272 கன சென்டிமீட்டர். அழுத்த விகிதம் ஒன்பதாக வேண்டுமானால், எரியறையில் 34 கன சென்டிமீட்டர் இடமே இருக்கலாம். நான்கு அறைகளையும் அளவுக்குழாயால் எண்ணெய் ஊற்றி அளந்து சமமாக்கினோம். பார்வைக்கு அந்த ஹெட்டில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் தராசு, நடுவேகத்தில் இழப்பின்றி, உச்சத்தில் ஏறத்தாழ நான்கு குதிரைத்திறன் கூடுதலாகக் காட்டியது. எழுத்தர் பந்தயத்தில் பரிசு எதுவும் பெறவில்லை. எனினும் முழுத் தூரத்தையும் ஓட்டி முடித்து, வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு வீடு சென்றார். பழைய ஹெட்டின் விலையை மேஸ்திரி என்னிடம் கேட்கவில்லை. மாதந்தோறும் என் கூலியிலிருந்து நானே கொடுத்துத் தீர்த்தேன்.

மேஸ்திரி இன்று இல்லை. இப்போது வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தியே அளக்கிறார்கள். கணினி நொடியில் வரைபடம் தீட்டுகிறது. இளைஞர்கள் அதன் உச்சியில் உள்ள எண்ணை மட்டும் என்னிடம் பெருமையோடு காட்டுகிறார்கள். நான் கோட்டின் நடுப்பகுதியைப் பார்க்கிறேன். பிறகு, வேலைக்கு முன் அளந்த தாள் எங்கே என்று கேட்கிறேன். பலரிடம் அது இருப்பதில்லை. அப்போது அலமாரியிலிருந்து நான் கெடுத்த ஹெட்டை எடுத்து அவர்கள் கையில் கொடுக்கிறேன். அதன் மெருகு இன்னும் மங்கவில்லை. "அருமையான வேலை, ஐயா" என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்குகிறேன்.