கடுகண்ணாவைப் புகையிரத நூதனசாலை

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதை றம்புக்கனையைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. சுமார் 13 மைல் தூரத்துள் 1,400 அடி உயரத்தை அது கடந்தாக வேண்டும். சில இடங்களில் 45 அடிக்கு ஓரடி என்னும் ஏற்றம். நீராவி எந்திரங்களின் காலத்திலே, ஓர் எந்திரம் முன்னின்று இழுக்க, மற்றொன்று பின்னின்று தள்ள, வண்டிகள் பெருமூச்செறிந்து ஏறின. அந்த ஏற்றம் முடிவுறும் இடமே கடுகண்ணாவை. நமது நாட்டின் புகையிரத நூதனசாலைக்கு இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

2014ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி இது இங்கே திறந்து வைக்கப்பட்டது. 1864இல் அதே நாளிலேதான் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்திற் சேர்க்க மாட்டுவண்டிகள் போதாமையே இப்பாதைக்குக் காரணம். பின்னர் கோப்பி நோயால் அழிந்தது, தேயிலை வந்தது, பாதையோ தொடர்ந்து வளர்ந்து 1924இல் பதுளையை அடைந்தது.

பழைய எந்திரங்கள், பெட்டிகள், தள்ளுவண்டிகள், சமிக்ஞைக் கருவிகள் எனப் பல இங்கே பேணப்படுகின்றன. எந்திரங்களைச் சிறுவர் தாமாகவே நாடிச் செல்வர். மாணாக்கர் சற்று நின்று நோக்க வேண்டியது வில்லைப் பொறியை. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாது காத்தது இதுவே. அயல் நிலையங்கள் இரண்டிலும் ஒவ்வொரு பொறி. இரண்டையும் மின்கம்பி இணைத்திருக்கும். ஒன்றிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது இரண்டில் ஏதேனும் ஒரு பொறியினுள் மீண்டும் புகும்வரை, வேறொரு வில்லை எதிலிருந்தும் வெளிவராது. வில்லையைக் கையிற் பெறாத சாரதி வண்டியை நகர்த்தான். எத்தனை எளிய யோசனை. எத்தனை ஆயிரம் உயிர்களுக்குக் காவல்!

பழைய எந்திரங்களிலே, அவற்றைச் செய்த தொழிற்சாலையின் பெயரும் ஆண்டும் உலோகத் தகட்டிற் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். ஆயின், இம்மலைகளைக் குடைந்து பாதை சமைத்தோருக்கு அத்தகைய தகடு ஏது? தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் இப்பணியில் உழைத்தனர். காட்டுக் காய்ச்சலுக்கு இரையானோரும் பலர். சுரங்கவழிகளே அவர்களுடைய கல்வெட்டு. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனையும் எடுத்துரைத்தல் கடன்.

வடபகுதியார்க்கு இந்நூதனசாலை வேறொரு நினைவையும் எழுப்பும். 1905இல் வடபாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. 1956இல் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியது. 1990இல் போரினால் யாழ்ப்பாணச் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. நிலையங்கள் பாழடைந்தன. புகையிரதத்தைப் படத்தில் மட்டுமே கண்ட மாணாக்கருக்கு நீராவியின் ஆற்றலைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவர்களுள் யானும் ஒருவன். 24 ஆண்டுகளின் பின், 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி, வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கடுகண்ணாவையில் நூதனசாலை திறக்கப்பட்டதும் அதே ஆண்டின் இறுதியிலே என்பது கருதத்தக்கது.

ஓடி ஓய்ந்த எந்திரம் நூதனசாலையில் நிற்பது இயல்பு; அதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை. ஓடவேண்டிய பாதை ஒரு தலைமுறையின் கண்முன்னே மறைந்துபோவதே துயரம். பாதுகாக்கப்பட்ட பழம்பொருள்களைப் பார்த்துத் திரும்பும் இளைஞர், இன்றிருப்பவற்றையும் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்புவாராயின், அப்பயணம் பயனுடையதாகும்.