கதிரைக்கும் ஒரு வரலாறு உண்டு

நமது ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் பள்ளிவாசலின் வயதை ஆராய்கிறார்கள், குடிவழிகளை ஆராய்கிறார்கள். வீட்டுக்குள் கிடக்கும் கதிரையின் வயதை யாரும் கேட்பதில்லை. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை அதைக் கேட்டுத் திரிவதே ஓய்வுக்குப் பின்னர் எனது வேலையாகிவிட்டது.

தொடங்குவதற்கு நமது நாவே போதுமானது. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகியவை போர்த்துக்கேயச் சொற்கள். மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சி ஒல்லாந்தர் தந்தது. பாயும் பெட்டகமும் கட்டிலும் நம்முடையவை. போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியது 1638இல். அவர்களின் ஆட்சி போனது. சொற்கள் வீட்டுக்குள் தங்கிவிட்டன. ஆயினும் சொல் ஒரு பொருளின் பூர்வீகத்தைத்தான் சொல்லும். அப்பொருள் சாதாரண குடியானவனின் வீட்டுக்கு எப்போது வந்தது என்பதைச் சொல்லாது.

இலங்கைத் தளபாடங்களைப் பற்றி நூல்கள் இல்லாமலில்லை. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த ஜோசப் பியர்சன் ஒல்லாந்தர் காலக் கதிரைகளை வகைப்படுத்தி எழுதினார். ஆர். எல். புரோகியரின் நூல் 1969இல் வந்தது. புறக்கோட்டையில் ஒல்லாந்தர் கால நூதனசாலை 1982இல் திறக்கப்பட்டது. இவையெல்லாம் பெரும்பாலும் ஆளுநர்களும் அதிகாரிகளும் அமர்ந்த ஆசனங்களின் வரலாறு. முதிரையும் கருங்காலியும் வளர்ந்த கிழக்குக் காடுகளின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள் எதில் அமர்ந்தார்கள், எதில் நெல்லையும் பட்டையும் பூட்டி வைத்தார்கள் என்ற கேள்விக்கு அவற்றில் அதிகம் விடையில்லை.

அந்த விடையைப் பெண்களிடம்தான் தேட வேண்டும். நமது கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுகிறார். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளிவந்த தமது நூலில் இம்முறையை விரிவாக எழுதியுள்ளார். ஆகவே எந்தப் பெட்டகம் யாருடைய கலியாணத்துக்குச் செய்யப்பட்டது என்பதை வீட்டின் மூத்தம்மா அறிவார். அந்தக் கலியாணத்தின் ஆண்டு தெரிந்தால் பெட்டகத்தின் வயதும் தெரிந்துவிடும். கூடவே மரத்தையும் பார்க்க வேண்டும். கைவாளின் கோடுகள் நேராக இருக்கும். வட்டவாள் வளைந்த கோடுகளை விட்டுச் செல்லும். மரஆணியா, கொல்லன் அடித்த ஆணியா, இயந்திரக் கம்பி ஆணியா என்பதும் காலத்தைக் காட்டும். மூத்தம்மாவின் பேச்சும் ஓடாவியின் கைவேலையும் ஒத்துப்போகுமிடத்தில்தான் நான் குறிப்பெழுதுகிறேன்.

26.12.2004 அன்று வந்த கடற்கோள் இப்பணியைக் கடினமாக்கியது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. உயிர்களுக்கு முன்னால் மரப்பொருட்களின் கணக்கை யாரும் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. சாய்ந்தமருதுவில் ஒரு தாய் என்னிடம், "என்ட உம்மாட பெட்டகம் மகன், கடல் கொண்டு போயிட்டு. அதுக்குள்ள இருந்த வாசம் மட்டும் இன்னும் மூக்குல நிக்குது" என்றார். அதன் நீள அகலத்தையும் பூட்டின் வடிவத்தையும் அவர் சொல்லச் சொல்ல வரைந்துகொண்டேன். இன்று அந்தப் பெட்டகத்துக்கு எஞ்சியிருக்கும் ஆவணம் அந்தத் தாளொன்றே.

கடல் விட்டுவைத்ததை இப்போது வியாபாரிகள் வாங்கிச் செல்கிறார்கள். விற்பது வறுமையாலும் இடநெருக்கடியாலும். அதைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் பொருள் ஊரை விட்டுப் போகும்போது அதன் கதையும் அறுந்துவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபு ஹொரேஸ் வால்போல் கடைந்தெடுத்த கருங்காலிக் கதிரைகளைத் தேடி வாங்கினார். அவை பழைய டியூடர் மன்னர் காலத்து இங்கிலாந்துப் பொருட்கள் என்றே நம்பினார். அத்தகைய கதிரைகள் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் செய்யப்பட்டவை என்பதைப் பிற்கால ஆய்வுகளே தெளிவுபடுத்தின. செய்தவனின் ஊர்ப்பெயர் கூட வராததால் அவனது உழைப்பு வேறொரு நாட்டின் பழமையாகக் கணக்கிடப்பட்டது.

ஆகவே வாசகர்களிடம், குறிப்பாகப் புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களிடம், ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது உம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ கேளுங்கள்: அந்த அலுமாரி யாருடைய கலியாணத்துக்குச் செய்தது? எந்த ஓடாவி செய்தார்? என்ன மரம்? விற்பதானாலும் விற்கட்டும், அதற்கு முன்னர் ஒரு படத்தை எடுத்து, அதன் பின்புறத்தில் இந்த மூன்று விடைகளையும் எழுதி வையுங்கள்.