பெயர் ஒன்று, ஊர் பல

ஊர்களுக்குப் பெயர் அமைவது இரு வகையால். நிலத்தைக் கண்டு அதற்கேற்பப் பெயர் சூட்டுவது ஒரு வகை. பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, அதை இறக்கி வைக்க ஓர் இடம் தேடுவது மற்றொரு வகை. நீலமலை மாவட்டத்தில் இவ்விரு வகைக்கும் சான்றுகள் அருகருகே கிடைக்கின்றன.

முதல் வகைக்கு நாடுகாணியைச் சொல்லலாம். கூடலூரிலிருந்து மேற்கே வரும் சாலை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தேவாலா, பந்தலூர் நோக்கிச் செல்கிறது. மற்றொன்று மலைச்சரிவில் வளைந்து வளைந்து வழிக்கடவுக்கு இறங்கி, தேக்குக்குப் புகழ் பெற்ற நிலம்பூரை அடைகிறது. காடும் தேயிலையும் சூழ்ந்த இவ்வூருக்கு நாம் சென்றிருந்தபோது, தேநீர்க்கடை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் பெயர்க் காரணம் கேட்டோம். அவர் மேற்குத் திசையைக் கைகாட்டி, "தம்பி, கீழேயிருந்து காட்டு வழியா ஏறி வந்தவனுக்கு இங்கே நின்னு திரும்பிப் பார்த்தாத்தான் நாடு காணும். வேறே என்ன பேரு வைப்பான்?" என்றார். வினாவே விடையாக அமைந்துவிட்டது!

இப்பெயர் இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குளமாவுக்குப் போகும் மலைச்சாலையிலும் ஒரு நாடுகாணி உண்டு. அங்கும் உயரத்தில் நின்றால் கீழ்நாடு விரிந்து தெரியும். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு யாரும் இப்பெயரைச் சுமந்து சென்றிருக்க வேண்டியதில்லை. மலையேறியவன் எங்கே மூச்சு வாங்கி நின்று கீழே பார்த்தானோ, அங்கே இப்பெயர் தானாகவே முளைத்திருக்கிறது.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையே மலை இரயில் நிற்கும் நிலையம் ஒன்றின் பெயர் வெலிங்டன். அப்பகுதி படகர் ஊரான ஜக்கதளாவின் பெயரால் வழங்கி வந்த இடம். 1850களில் ஆங்கிலப் படையினருக்கான குடியிருப்பு அங்கே எழுந்தது. பின்னர் அதற்கு வெலிங்டன் என்று பெயரிட்டனர்.

யார் இந்த வெலிங்டன்? ஆர்தர் வெல்லெஸ்லி என்பது அவருடைய இயற்பெயர். 1797ஆம் ஆண்டு இந்தியா வந்தவர். 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் மைசூர் வேங்கை திப்பு சுல்தான் வாளேந்திய நிலையில் ஸ்ரீரங்கப்பட்டினக் கோட்டையில் வீழ்ந்தபோது, முற்றுகையிட்ட படையில் இவரும் ஒரு தளபதி. வீழ்ந்த நகரின் நிர்வாகம் அடுத்து இவர் கைக்கே வந்தது. வயநாட்டுக் காடுகளில் பழசி ராஜாவை ஒடுக்க நடந்த போரையும் சில காலம் இவர் நெறிப்படுத்தினார். நாடுகாணி உள்ளிட்ட கூடலூர்ப் பகுதி அன்று அந்த வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியே. 1877ஆம் ஆண்டில்தான் அது நீலகிரி மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆக, இம்மண்ணின் வீரர்களை எதிர்த்து நின்றவரின் பெயரையே இம்மலை இன்றும் தாங்கி நிற்கிறது.

அப்பெயராவது அவருக்குச் சொந்தமா என்றால், அதுவும் இல்லை! 1809இல் அவருக்குப் பிரபுப் பட்டம் தர அரசு முன்வந்தபோது அவர் ஐரோப்பியப் போர்க்களத்தில் இருந்தார். பட்டத்துக்கு ஓர் ஊர்ப்பெயர் வேண்டும். வெல்லெஸ்லி என்னும் குடும்பப் பெயரோடு ஒலி ஒத்திருக்கிறதே என்று, இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள வெலிங்டன் என்னும் சிற்றூரின் பெயரை அவருடைய தமையனார் தேர்ந்தெடுத்தார். வெறும் ஒலி ஒப்புமையால் ஒட்டிய பெயர் இது. 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றபின், அந்தச் சிற்றூரின் பெயர் கடல் கடந்து பரவியது.

1840ஆம் ஆண்டில் மட்டும் இரு கண்டங்களில் இரண்டு ஊர்கள் அப்பெயரை ஏற்றன. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 'தாராவின் பெருந்துறைமுகம்' என்று பொருள்படத் தம் மொழியில் வழங்கி வந்த இடத்தில் ஆங்கிலக் குடியேற்றக் கம்பெனி ஒரு நகரை எழுப்பி, வெலிங்டன் என்றது. 1865இல் அதுவே அந்நாட்டின் தலைநகராயிற்று. தென்னாப்பிரிக்காவில் 'வண்டி செய்வோர் பள்ளத்தாக்கு' என்ற பெயரோடு இருந்த ஊரும் அதே ஆண்டில் வெலிங்டன் ஆனது. தாரா யாரென்றும், வண்டி செய்தவர்கள் யாரென்றும் கேட்கத் தூண்டிய பெயர்கள் அவை. புதிய பெயரோ எல்லா இடத்திலும் ஒரே மனிதரைத்தான் சொல்லிற்று.

நம் தமிழகத்தில் இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. திட்டக்குடிக்கு அருகில், 1923இல் கட்டி முடிக்கப்பெற்ற பெரிய நீர்த்தேக்கத்தை மக்கள் வெலிங்டன் ஏரி என்கின்றனர். உண்மையில் அது 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரால் அமைந்தது. இவர் வேறு, அவர் வேறு. ஆனால் உழவனுக்கு வேண்டியது நீரே அன்றிப் பிரபு அல்லரே! ஒலி ஒப்புமையால் பிறந்த பட்டம், ஒலி ஒப்புமையாலேயே மற்றொருவரின் ஏரியையும் தனதாக்கிக்கொண்டது.

அப்படியானால் இப்பெயர்களையெல்லாம் துடைத்தெறிய வேண்டுமா? நாம் அவ்வாறு சொல்ல வரவில்லை. நாடுகாணித் தேயிலைக் காடுகளில், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய மலையகத் தமிழர் குடும்பங்கள் உண்டு. அவர்களுள் மூத்தவர்களிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால், ஏதோ ஓர் ஆங்கிலத் துரை வைத்த தோட்டத்தின் பெயரைத் தமிழ் நாவுக்கேற்ப மாற்றிச் சொல்வார்கள். சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். பெற்றோரைப் புதைத்த மண்ணின் பெயர் அது. அதைத் துரையின் பெயர் என்று அவர்கள் நினைப்பதே இல்லை. வெலிங்டனும் அவ்வாறே. 1947இல் நாடு பிரிந்தபோது குவெட்டாவிலிருந்து பிரிந்து வந்த படை அதிகாரிகள் கல்லூரி இன்று அங்கேதான் இயங்குகிறது. அப்பெயர் இப்போது நம் வரலாற்றிலும் ஓர் ஏடாகிவிட்டது.

ஆயினும் புதிய பெயர் வாழ்வதற்காகப் பழைய பெயர் சாக வேண்டும் என்ற நியதி இல்லை. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியத் தீவிலும் ஒரு வெலிங்டன் மலை உண்டு. 2013ஆம் ஆண்டில் அத்தீவின் அரசு, குனான்யி என்ற பூர்வகுடிப் பெயரையும் அதனோடு சேர்த்து, இரு பெயரையும் அதிகாரப்பூர்வமாக்கிற்று. நம் ஜக்கதளாவோ எந்த ஆணைக்கும் காத்திராமல், இன்றும் ஒரு பேரூராட்சியின் பெயராக உயிரோடு இருக்கிறது. வெலிங்டன் என்னும் பலகையைக் கடந்து செல்லும் நம் பிள்ளைகளிடம், அதன் பின்னே நிற்கும் ஜக்கதளாவையும் ஸ்ரீரங்கப்பட்டினத்தையும் எடுத்துச் சொல்வது நம் கடன். பெயரை மாற்றும் அதிகாரம் அரசுகளுக்கு உரியது. பெயரை மறவாதிருக்கும் பொறுப்பு மக்களுக்கு உரியது அன்றோ?